முகத்தோட நின்னுட்டா ஆத்தா

பேசாத பாப்பா, பேசாத. வாயைத் திறந்தா கிரீம் உள்ள போயிரும், அப்புறம் நாக்கும் சேர்ந்து மரத்துப்போகும். எனக்குப் போன தடவை அப்படித்தான் ஆச்சு. நர்ஸ் பொண்ணு என்னமோ கேட்டா, பதில் சொல்றேன்னு வாயைத் திறந்தேன். சாயங்காலம் வரைக்கும் காபி குடிச்சா பாதி சேலையிலதான் ஊத்துது. நீ சும்மா தலையை மட்டும் ஆட்டு, நான் பேசுறேன். நான் ஒண்ணும் ரொம்பப் பேசுற ஆளு கிடையாது. நீ பயந்துபோய் உக்காந்து கையைப் போட்டு அந்தப் பிசை பிசையுற, பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?

முதத் தடவையா? அதான பார்த்தேன். மைக்ரோ நீடிலிங்னதும் என்னமோ ஏதோன்னு இருக்கும். ஒண்ணும் இல்ல. பேனா மாதிரி ஒண்ணு, நுனியில பொடிப்பொடியா ஊசி. டர்ர்ருன்னு கன்னத்துல ஓட்டுவாரு, இந்தக் கிரீம் போட்டதுனால வலி தெரியாது. நெத்தியில மட்டும் எலும்புல உரசுற மாதிரி இருக்கும். குத்துறது பெருசே இல்ல பாப்பா. குத்திட்டு வீட்டுக்குப் போயி அந்த முகத்தை எப்படி வச்சுக்கிறோம், அதுலதான் எல்லாம் இருக்கு. டாக்டர் சொல்லத்தான் செய்வாரு, ஆனா விறுவிறுன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. நான் பட்டவ, நான் சொல்றேன் கேட்டுக்க.

முகத்துல கை வைக்கக் கூடாது. இவங்க குடுக்குறதைத் தவிர ஒண்ணும் போடக் கூடாது. சோப்பு கூடாது, பவுடர் கூடாது. தலையணை உறையைத் துவைச்சதா மாத்திரணும். வெயில் ஆகவே ஆகாது. அடுப்புப் பக்கம் நிக்கக் கூடாது, ஆவி படக் கூடாது, வேர்க்கக் கூடாது. தோலு பொருக்குப் பொருக்கா உரியும், பிச்சு எடுக்கக் கூடாது. மஞ்சள், எலுமிச்சம்பழம், கடலை மாவு, இந்த வீட்டு வைத்தியமெல்லாம் கிட்டக்கூட வரக் கூடாது. இந்தக் கடைசியை மட்டும் மண்டையில நல்லா ஏத்திக்க. என் முகத்தைப் பாரு. கிட்ட வந்து பாரு, வெக்கப்படாத. கன்னத்துல காவிக் கறை தெரியுதா? தாடைகிட்ட திட்டுத்திட்டா கறுத்திருக்கா? அது டாக்டர் பண்ணதில்ல. என் எதிர்வீட்டுக்காரி பண்ணது. பாக்கியத்தாய்னு பேரு. என் முகத்தைக் கெடுத்தவளே அவதான்.

எனக்கு விருதுநகர். மதுரைக்கு பஸ் ஏறித்தான் இந்த டாக்டர்ட்ட வர்றேன். பேரு ஜெயக்கொடி. பண்டகசாலையில கிளார்க்கா இருந்தேன். அம்மாவுக்கு முடியாமப் போகவும் வேலையை விட்டேன், அம்மாவும் போயிட்டாங்க, இப்ப வீட்ல நான் மட்டுந்தான். தம்பி சென்னையில இருக்கான். கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்கலன்னா, அமையல. எல்லாம் இந்த முகந்தான். வயசுல வந்த பரு, ஒண்ணொண்ணும் ஒரு குழியைத் தோண்டி வச்சிட்டுப் போயிருச்சு. பொண்ணு பார்க்க வர்றவங்க காபியைக் குடிச்சிட்டு, "பொண்ணு நல்ல குணமாத் தெரியுது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாங்க. முகத்தைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. குணமாத் தெரியுதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

அதுக்காக நான் ஏங்கிப்போய்க் கிடக்கேன்னு நினைச்சிராத. தனியா இருக்கிற மாதிரி ஒரு சௌகரியம் கிடையவே கிடையாது. நினைச்ச நேரம் எந்திரிக்கலாம், நினைச்ச நேரம் படுக்கலாம். டிவி பார்க்கிறேனோ இல்லையோ, சத்தமாப் போட்டு விட்டுருவேன். அடுப்படியில நின்னாலும் யாரோ கூடத்துல பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கும், நல்லா இருக்கும். எனக்கு ஆளு அம்பெல்லாம் வேண்டாம்.

அப்ப எதுக்கு இந்த வயசுல இங்க வந்தேன்னு நீ கேட்கலாம். கேட்காட்டியும் சொல்றேன். தம்பி மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. ஆல்பம் பார்க்கும்போது ஒரு போட்டோவுல மேடையில ஒரு பொம்பளை நிக்கிறா. என் சேலை, என் சங்கிலி. முகம் மட்டும் வழுவழுன்னு இருக்கு. போட்டோக்காரன் கம்ப்யூட்டர்ல வச்சுத் தேய்ச்சிருக்கான், எல்லாரையும் தேய்ச்ச மாதிரி என்னையும். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன் பாப்பா. இந்தப் பொம்பளைக்கு எல்லாமே வேற மாதிரி நடந்திருக்கும்ல, அப்படின்னு தோணுச்சு. யாருக்குக் காட்டப் போறேன், யாருக்கும் இல்ல. ஒரு தடவை எனக்கு நானே பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில வந்து குத்திக்கிட்டேன். நர்ஸ் பொண்ணு கேட்டா, "வீட்ல பார்த்துக்க ஆள் இருக்காங்களா மேடம்?"னு. இருக்காங்கன்னேன். என்ன பெரிய பொய்? நாலு நாளைக்கு மோரும் சோறும் நானே பார்த்துக்க மாட்டேனா? முந்தானையை முகத்தோட சுத்திக்கிட்டு பஸ் ஏறி, யார் கண்ணுலயும் படாம வீடு போய்ச் சேர்ந்துட்டேன். மறுநாள் காலையில பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்குறேன், எதிர்ல கோலப்பொடியோட நிக்கிறா பாக்கியத்தாய்.

எதிர்வீட்ல பத்து வருஷமா இருக்கா. பழக்கம்னு சொல்ல முடியாது. "கரண்ட் இருக்கா மேடம்?", "குப்பை வண்டி போயிருச்சா மேடம்?" அவ்வளவுதான். ஆபீஸ்ல இருந்தவன்னு மேடம் போடுவா. என்னை விடப் பெரியவ, அறுபதைத் தாண்டியிருக்கும். அன்னைக்கு என் முகத்தைப் பார்த்தா. முகம் எப்படி இருக்கும்? செக்கச்செவேல்னு வீங்கி, புள்ளி புள்ளியா, நீயே நாளைக்குக் கண்ணாடியில பார்ப்ப. கோலப்பொடியைக் கீழ வச்சிட்டு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டா. "ஆத்தா! மாரியாத்தா! எப்பத் தாயி வந்த?"

அம்மை போட்டிருக்குன்னு நினைச்சிட்டா! பங்குனி பிறக்கப் போற நேரம், ஊர்ல அங்கங்க புள்ளைங்களுக்கு முத்துப் போட்டிருக்கு, அவ மேலயும் தப்பு சொல்ல முடியாது. நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னத்தைச் சொல்ல? ஐம்பத்திரண்டு வயசுல அழகாகப் போனேன், மதுரையில போயி மூஞ்சியில ஊசி குத்திக்கிட்டு வந்தேன்னா? தெருவே சிரிக்கும் பாப்பா. நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ போயி ஒரு கொத்து வேப்பிலையை ஒடிச்சிட்டு வந்து என் வாசல் நிலையில சொருகிட்டா. "உள்ள போ தாயி. வெயில் பட நிக்காத"ன்னா.

மேடம் போச்சு. தாயி ஆயிட்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னா சிரிப்ப. சிரிக்காத, கிரீம் விரிசல் விட்டுரும். டாக்டர் என்னென்ன சொன்னாரோ அதையே அவளும் சொல்றா! அடுப்புப் பக்கம் போகாத தாயி, ஆத்தாவுக்குச் சூடு ஆகாது. முகத்தைச் சொறியாத தாயி. சோப்புப் போடாத. வெளுத்த துணியிலதான் தலை வைக்கணும்னு அவ பீரோவுல இருந்து புருஷன் வேட்டியை எடுத்துக் கிழிச்சு என் தலையணைக்குச் சுத்திவிட்டா. காரம் கூடாது, தாளிதம் கூடாது. பானகம், இளநீ, கம்மங்கூழ், மோரு. நான் தாளிக்காமச் சாப்பிடுறேன்னு அவ வீட்லயும் தாளிக்கிறதை நிறுத்திட்டா. அவ வீட்டுக்காரர் "எனக்கா அம்மை போட்டிருக்கு?"ன்னு சத்தம் போடுறது எங்க வீட்டுக்குக் கேட்கும். "எதிர்ல ஆத்தா படுத்திருக்கா, வாயை மூடும்"னு இவ வைவா. எனக்காக ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டி சண்டை! நான் டிவியை அமத்திட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

மத்தியானம் சோத்துச் சட்டியோட வந்தா, சாயங்காலம் வரைக்கும் இருப்பா. நாற்காலியில உக்காரச் சொன்னா உக்கார மாட்டா, ஆத்தா முன்னால சரிசமமா உக்காரக் கூடாதாம். தரையில உக்காந்து வேப்பங்கொத்தால என் முகத்துக்கு விசிறிக்கிட்டே இருப்பா. மகன் ரெண்டு பேரும் திருப்பூர் போனது, பெரியவன் போன் எடுக்காதது, இவளுக்கு முட்டியில தண்ணி கோத்துக்கிட்டது, எல்லாம் சொல்லுவா. நான் கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். முழிச்சுப் பார்த்தா அப்பவும் விசிறிக்கிட்டு இருப்பா. எனக்கு அது பெரிய தொந்தரவுதான். தனியா இருந்து பழகின ஆளு. ஒரு நாள் அவ வர நேரமாயிருச்சு, நான் ஜன்னல்ல போயி நாலு தடவை எட்டிப் பார்த்துட்டேன், சோறு ஆறிப்போயிருமேன்னு.

உடம்புல ஒரு முத்துக்கூட இல்லையே, அது எப்படி அவளுக்குச் சந்தேகம் வரலன்னு கேளு. வந்துச்சு. ஒரு நாள் என் கை, கழுத்தெல்லாம் புரட்டிப் பார்த்தா. போச்சு, இன்னையோட எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். அவ கண்ணை மூடிக் கும்பிட்டா. "ஒத்தையில கிடக்குற புள்ளைன்னு இரக்கப்பட்டு முகத்தோட நின்னுட்டா ஆத்தா"ன்னா. ஒத்தையில கிடக்குற புள்ளையாம். எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஆனாலும் சரிங்க அக்கான்னு சொல்லி வச்சேன்.

சிவப்பெல்லாம் இறங்கி, தோலு லேசா உரிய ஆரம்பிச்சுது. உள்ள புதுத் தோலு, பச்சைப்புள்ள கன்னம் மாதிரி. கண்ணாடியில பார்த்தேன், குழி கொஞ்சம் மேல வந்திருந்த மாதிரி இருந்துச்சு. அந்தப் போட்டோவுல பார்த்த பொம்பளை எட்டிப் பார்க்குறா பாப்பா, நிஜமாச் சொல்றேன். டாக்டர் சொன்னபடி இன்னும் கொஞ்ச நாளை மட்டும் ஒழுங்காக் கழிச்சிட்டா போதும். அன்னைக்குப் பார்த்து பாக்கியத்தாய் வந்து, "நாளைக்குத் தண்ணி ஊத்திரலாம் தாயி"ங்கிறா.

அம்மை இறங்கினா தலைக்குத் தண்ணி ஊத்தணும்ல. அண்டாவுல தண்ணி பிடிச்சு, வேப்பிலையைப் போட்டு, காலையில இருந்து வெயில்ல வச்சிருந்தா. என்னைப் பலகையில உக்கார வச்சா. கிண்ணத்துல வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அம்மியில அரைச்ச விழுது, குப்புன்னு வாடை அடிக்குது. அம்மியிலதான் அரைக்கணும், மிக்சியில அரைச்சா ஆத்தாவுக்கு ஆகாதுன்னு அந்த முட்டியை வச்சுக்கிட்டு உக்காந்து அரைச்சிருக்கா.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்னு நினைக்கிற. நானும் நினைச்சேன். மஞ்சள் கூடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுக்குள்ள கேட்குது. அவ கையில விழுதை எடுத்துட்டா. நான் "அக்கா"ன்னேன். அவ "என்னடி தங்கம்?"னா. டி போட்டுக் கூப்பிட்டா. அம்மா போனதுக்கு அப்புறம் என்னை யாரும் டி போட்டதில்ல. அம்மாவும் கடைசியில என்னை அடையாளம் தெரியாம நர்சம்மான்னுதான் கூப்பிட்டுச்சு. முகத்தை நிமித்திக் காட்டினேன். ஒரு பெரிய மனுஷி ஆசையா அரைச்சுக்கிட்டு வந்திருக்கா, கையைத் தட்டிவிட முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுக்காகத்தான்.

நெத்தியில இருந்து கன்னம், கன்னத்துல இருந்து தாடை, பைய பையத் தடவினா. என் முகத்தை ஒரு ஆளு கையால தொட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு நினைச்சுப் பார்க்கிறேன், நினைவுக்கு வரல. டாக்டர் தொட்டாரு, அவரு கையுறை போட்டிருந்தாரு. பாக்கியத்தாய் கை சொரசொரன்னு இருந்துச்சு. எரிஞ்சுச்சு பாப்பா. பச்சைத் தோல்ல மிளகாய் அரைச்சு வச்ச மாதிரி எரிஞ்சுச்சு. கண்ணுல இருந்து கொடகொடன்னு ஊத்துது. "அழுதுரு தாயி, ஆத்தா இறங்குறா, அழுதுரு"ன்னு சொல்லிக்கிட்டே ஊத்துறா. எரிச்சல்லதான் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன், அவ்வளவு எரிச்சல்.

ராத்திரியே முகம் வீங்கிருச்சு. மறுநாள் ஓடியாந்தேன் இங்க. டாக்டர் பார்த்துட்டுக் கத்துறாரு, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, யாரும்மா இதைப் போட்டது?"ன்னு. நான் சொன்னேன், "வீட்ல போட்டுவிட்டுட்டாங்க டாக்டர். சொன்னாக் கேட்க மாட்டாங்க." இதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எல்லாப் பொம்பளைங்களும் இப்படிச் சலிச்சுக்கிறதைக் கேட்டிருக்கேன். வீட்ல கேட்க மாட்டாங்க, வீட்ல விட மாட்டாங்கன்னு. நானும் ஒரு தடவை சலிச்சுக்கிட்டேன்.

தண்ணி ஊத்தின அன்னைக்கே நிலையில இருந்த வேப்பிலையை எடுத்துட்டா. மறுநாள் சோத்துச் சட்டி வரல. அவ வீட்ல கடுகு வெடிக்கிற சத்தம் கேட்குது. வாசல்ல பார்த்தப்ப "குப்பை வண்டி வந்துச்சா மேடம்?"னா. இன்னும் வரலைன்னு சொல்லிட்டு உள்ள வந்து டிவியைப் போட்டேன். சரி, என் நிம்மதி எனக்குத் திரும்பக் கிடைச்சுச்சு. அந்த வாரம் கூழ் காய்ச்சிப் பார்த்தேன், அவ காய்ச்சின பக்குவம் வரல, கொட்டிட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மஞ்சச் சேலையோட வந்து நிக்கிறா. கையில காப்பு கட்டியிருக்கா. "உங்களுக்காக நேர்ந்திருக்கேன் மேடம். முகத்தோட இறங்கிட்டா மூணு வருஷம் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு ஆத்தாகிட்ட கேட்டிருந்தேன்"ங்கிறா. அந்த முட்டியை வச்சுக்கிட்டு, பங்குனி வெயில்ல, கையில நெருப்பு! யாருக்காக? எனக்காக. இல்லாத அம்மைக்காக. சொல்லிரணும்னுதான் கிட்டப் போனேன். "உங்க முட்டி..."ன்னுதான் வாயில வந்துச்சு. "கூட வர ஆளு இருந்தாப் போதும், எடுத்துருவேன்"னா. மகன் ரெண்டு பேரும் வரல. நான் போனேன்.

டாக்டர் என்ன சொன்னாரு? வெயில் கூடாது, சூடு கூடாது, வேர்க்கக் கூடாது. நான் உச்சி வெயில்ல, எரியிற சட்டிக்குப் பக்கத்துல, குடத்துத் தண்ணியை அவ காலுக்கு ஊத்திக்கிட்டே நடந்தேன். சட்டியைச் சுத்தி வேப்பிலைதான், அதையும் மீறி உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சு. ஒரு இடத்துல முட்டி மடங்கிருச்சு, நான் தாங்கிப் பிடிச்சேன். பார்த்தவங்க "யாருக்கு வேண்டுதல்?"னு கேட்டாங்க. "இந்தா, இவளுக்குத்தான்"னு என்னைக் காட்டினா. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் தலையைக் குனியல பாப்பா. எனக்காக ஒருத்தி தீச்சட்டி எடுக்குறா, நான் எதுக்குக் குனியணும்?

சட்டியை இறக்கிட்டு கோயில் ஓரமா உக்காந்தோம். அப்பத்தான் என் முகத்தை நிதானமாப் பார்க்கிறா. பார்த்துட்டு முகம் சுண்டிப்போச்சு. கன்னத்துல விரலை வச்சு ஒவ்வொரு குழியாத் தடவுறா. "வழுவழுன்னு இருந்த மூஞ்சியில இப்படிக் குழி போட்டுட்டுப் போயிட்டாளே தாயி. போகட்டும், அவ முத்திரை. அழிக்கக் கூடாது"ங்கிறா.

புரியுதா உனக்கு? இது என் பதினெட்டு வயசுக் குழி. பத்து வருஷம் எதிர்வீட்ல இருக்கா, என் முகத்துல இது இருந்ததே அவளுக்குத் தெரியல. நான் ஜன்னலைக் கூட அரையாத்தான் திறப்பேன். பஸ்ல ஓரமா உக்காந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்குவேன். ஊரே என் குழியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சு இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கேன். ஒருத்தரும் பார்க்கல பாப்பா. ஒருத்தருமே என்னைப் பார்க்கல.

இன்னைக்கு அடுத்த தடவை குத்துறதுக்கு வரச் சொல்லியிருக்காரு. குத்த வேண்டாம், கறை போறதுக்கு மட்டும் மருந்து குடுங்கன்னு கேட்கப் போறேன். குழி இருக்கட்டும். அது போயிட்டா, "எங்க போச்சு?"ன்னு அவ கேட்பா. கறையும் அவ்வளவு சீக்கிரம் போகாட்டி பரவாயில்ல. அவ உள்ளங்கைப் புண்ணுக்கு நான்தான் தினம் போயி மருந்து போட்டு விடுறேன். ஆறிக்கிட்டு வருது. கொஞ்சம் மெதுவா ஆறினாலும் ஒண்ணும் இல்ல.

உன்னைத்தான் கூப்பிடுறாங்க, எந்திரி. பார்க்காத என்னை அப்படி. அவளை ஏமாத்துறேன்னு நினைக்கிறியா? நான் அப்படிப்பட்டவ இல்ல. சொல்லாம இருக்கப் போறதில்ல. அடுத்த பங்குனி ஒண்ணு இருக்கு, அதுக்கு அடுத்தது ஒண்ணு இருக்கு. மூணாவது சட்டியை நல்லபடியா இறக்கட்டும், அன்னைக்கே சொல்லிருவேன்.